பன்னிரண்டிலிருந்து மூன்று வரை

ஜூன் பாதியிலிருந்து
உச்சி வெயிலில் வேலை கூடாதென்று உத்தரவு.
ஜுபைலில் அந்த மூன்று மணி நேரமும்
டைம்கீப்பர் கேபினின் ஒற்றை ஏசிக்கு அடியில்
ஒன்பது பேர், பதினெட்டு சாக்ஸ்,
ஒரு கம்ப்யூட்டர்.

பாட்டு, படம், செய்தி எல்லாவற்றையும் அடைத்த ஐ.டி.காரன்
இவனை அடைக்க மறந்துவிட்டான்:
டை கட்டிய, தொப்பை வைத்த,
காரணமில்லாமல் சிரிக்கிற பொம்மை ஆள்.
திரையின் வலது ஓரத்தில் சாமான்கள்.
பியானோ, பட்டறைக்கல், செத்த மீன்,
ஸ்டேப்ளர், ரோடு ரோலர்.
எடுத்து அவன்மேல் போடவேண்டியது.
அவ்வளவுதான் ஆட்டம்.

முதலில் போட்டவன் மொக்லேஸ்.
பியானோ.
தோசையாகிப் போனான் ஆள். பற்கள்
சோளப்பொரி மாதிரித் தெறித்தன,
கடைசிப் பல் தரையில் விழுந்து
'ணங்' என்றது.
கேபினே குலுங்கியது எங்கள் சிரிப்பில்.
அவனோ புஸ்ஸென்று காற்றுப் பிடித்து எழுந்து
டையை நேராக்கிக்கொண்டு
மறுபடி சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் எங்களைக் கெடுத்தது.
கோழி அறுக்கையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நஜ்முதீன்
ஐந்தே நாளில்
மீனால் அடித்தே கொல்லத் தேறிவிட்டான்.
தில்பகதூர் ரோலரைப் பின்னால் எடுத்து ஏற்றினான்.
"ரிவர்ஸ் ஹாரன் அடிக்கலை, விதிமீறல்"
என்றார் சேஃப்டி ஜெபக்கனி
டிபன் டப்பாவிலிருந்து தலை நிமிராமல்.

ஆளுக்கு நாளொரு பெயர்.
சம்பளம் பிந்திய வாரம் அவன் அக்கவுண்டன்ட்.
சாம்பாரில் உப்பு கூடிய அன்று மெஸ் மாஸ்டர்.
விசாவுக்கு இரண்டு லட்சம் வாங்கிய ஏஜெண்டுக்கு
மூன்று பியானோ, வரிசையாக.
ஒருநாள் நஜ்முதீன்
போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து
பெயர் எதுவும் சொல்லாமல்
அரைமணி நேரம் அடித்தான்.
நாங்களும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு காலை
பைப் ரேக்கின் உச்சியிலிருந்து
முப்பத்தாறாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று நழுவி
எனக்கும் மொக்லேஸுக்கும் நடுவே
மணலில் குத்தி நின்றது.
பியானோ விழுந்தால்
அதிலுள்ள அத்தனை சுருதியும் சிதறிக் கேட்கும்.
இது 'சத்'.
தலையைச் சுற்றி நட்சத்திரம் எதுவும் பறக்கவில்லை.
என் நிழலில் அது நின்ற இடம்
தோள்பட்டை என்று நினைக்கிறேன்.

ஜெபக்கனி படிவம் எடுத்தார்.
காயம்: இல்லை. சேதம்: இல்லை.
மொக்லேஸ் கையெழுத்துப் போட்டான்,
தேதியை மட்டும் மூன்று முறை அடித்தடித்து எழுதினான்.

அன்று பன்னிரண்டு மணிக்கு
யாரும் மவுஸைத் தொடவில்லை.
ஏசி சொட்டுகிற சத்தம்.
பன்னிரண்டே காலுக்கு அவனே சொன்னான்,
"பியானோ போடு."
போட்டோம்.
என்றைக்குமில்லாத சிரிப்பு.
தில்பகதூருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது,
கடைசிப் பல் 'ணங்' என்பதற்குள்
கதவு திறந்தது.

மேனேஜர் வாஹித்.
எங்கள் சிரிப்பு அப்படியே தரையில் கிடந்தது.
திரையில் பியானோவுக்கு அடியில்
தட்டையாக ஒரு டை.

கொஞ்ச நேரம் பார்த்தார்.
"எழுந்திருப்பானா?"
"எழுந்திருப்பான் சார்."
எழுந்திருக்கும் வரை நின்றார்.
பிறகு, "தள்ளு" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பியானோவைத் தொடவில்லை, ரோலரையும்.
ஸ்டேப்ளர்.
முழங்காலில் ஒன்று. முழங்கையில் ஒன்று.
காது மடலில், நிதானமாக, ஒன்று.
இருபது நிமிடம்.
ரியாதிலிருந்து இரண்டு முறை போன் வந்தது,
எடுக்கவில்லை.
என்ன பெயர் வைத்திருந்தாரோ.
நாங்கள் ஒன்பது பேரும்
கைகட்டி நின்று பார்த்தோம்,
அவர் நல்ல ஆட்டக்காரர்.

மூன்று மணிச் சங்கு.
எழுந்தார். காலரை நேராக்கிக்கொண்டார்.
"ஸ்பேனருக்கெல்லாம் கயிறு கட்டச் சொல்லு"
என்றார் ஜெபக்கனியிடம், போகிற போக்கில்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
ஒவ்வொருவராக வெளியே வந்தோம்.
வாசலில் ஒரு நொடி நின்று
எல்லோருமே அண்ணாந்து பார்த்தோம்.

பியானோ எதுவும் இல்லை.